மாட்டுக்கு ஊசி, மானுக்குக் காவல்

நுழையும் முன்

விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, கால்நடை மருந்தகத்தின் வாயிலில் பசுக்களும் ஆடுகளும் தடுப்பூசிக்காகக் காத்து நிற்பதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். ஒரு மாட்டுக்குப் போடும் ஊசி அந்த மாட்டை மட்டும்தான் காக்கிறதா? அடுத்த வீட்டு மாட்டையும், ஊசியையே காணாத காட்டு விலங்கையும் அது காக்கக்கூடும் என்றால் நம்புவீர்களா? உலகை விட்டே ஒழிக்கப்பட்ட ஒரு கால்நடை நோயின் வரலாற்றைக் கற்று, இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

1. வெக்கை என்னும் கொள்ளைநோய்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. உழவுக்கும் பாலுக்கும் எருவுக்கும் வண்டி இழுப்பதற்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த மக்களுக்கு அச்சொல் மிகப் பொருத்தமானது. அந்தச் செல்வத்தைச் சில நாள்களிலேயே அழித்துவிடும் ஆற்றல் கொண்டிருந்த நோய் ஒன்று இருந்தது. அதன் பெயர் வெக்கை நோய்.

வெக்கை என்பது வெப்பத்தைக் குறிக்கும் சொல். இந்நோய் கடுங்காய்ச்சலுடன் தொடங்கும். பின்னர்க் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயினுள் புண்கள் தோன்றும். மாடு தீனி எடுக்காது, அசைபோடுவதும் நின்றுவிடும். அடுத்துக் கடுமையான கழிச்சல் கண்டு, உடலிலுள்ள நீரெல்லாம் வற்றி, ஒரு வாரம் அல்லது பத்து நாள்களில் மாடு இறந்துவிடும். இந்நோயை முன்பு அறிந்திராத மந்தையில் அது நுழைந்துவிட்டால், பத்து மாடுகளில் எட்டு அல்லது ஒன்பது மாடுகள் மடிந்தன.

ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இந்நோய் பல நூற்றாண்டுகளாகப் பரவிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மந்தைகளை அது சூறையாடியதால், கால்நடை மருத்துவத்தை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றது. 1762இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

1880களின் பிற்பகுதியில் இந்நோய் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் கால்வைத்தது. பத்து ஆண்டுகளுக்குள் அக்கண்டத்தின் தென்கோடி வரை பரவியது. மாடுகள் இறந்ததால் ஏர் பூட்ட வழியில்லை. குழந்தைகளுக்குப் பால் இல்லை. எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. மாடுகளோடு அந்நோய் நின்றுவிடவில்லை. காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, வில்டபீஸ்ட் முதலிய குளம்புள்ள காட்டு விலங்குகளும் பெருந்தொகையாக மடிந்தன. மாட்டின் தலையும் குதிரையின் பிடரியும் கொண்டதுபோல் தோன்றும் மான் வகை விலங்கே வில்டபீஸ்ட் ஆகும்.

2. உடலின் காவல்

இத்தகைய கொள்ளைநோயிலும் சில மாடுகள் பிழைத்துக்கொண்டன. பிழைத்த மாட்டுக்கு வெக்கை நோய் வாழ்நாளில் மீண்டும் வரவில்லை. நோயுற்ற மாடுகளின் நடுவே கட்டினாலும் அதற்குத் தீங்கு நேரவில்லை. இதன் காரணத்தை அறிய, உடலின் காவல் முறையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலங்குகளின் உடலில் இரண்டு வகைக் காவல்கள் உண்டு. முதலாவது, பிறவியிலேயே அமைந்த காவல். தோல் ஒரு மதிலைப் போல உடலைச் சூழ்ந்துள்ளது. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம் கிருமிகளைப் பிடித்து வைக்கிறது. இவற்றைத் தாண்டி உள்ளே நுழையும் கிருமிகளைக் குருதியிலுள்ள வெள்ளை அணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. இக்காவல் விரைந்து செயற்படும்; ஆயினும், வந்த பகைவன் யார் என்பதை நுணுகி அறியாது.

இரண்டாவது, உடல் தன் பட்டறிவால் பெறும் காவல். ஒரு கிருமி உடலில் நுழைந்ததும், வெள்ளை அணுக்களுள் ஒரு பிரிவு அதன் வடிவத்தை அடையாளம் காண்கிறது. பூட்டுக்குப் பொருந்தும் திறவுகோலைப் போல, அக்கிருமிக்கு மட்டுமே பொருந்தும் பொருள்களை அவ்வணுக்கள் உருவாக்குகின்றன. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்பர். இவை கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்குகின்றன. முதல்முறை இவ்வேலைக்குப் பல நாள்கள் பிடிக்கும். அந்த நாள்களுக்குள் நோய் முந்திக்கொண்டால் விலங்கு இறக்கும். எதிர்ப்பொருள்கள் முந்திக்கொண்டால் விலங்கு பிழைக்கும்.

பிழைத்த விலங்கின் உடலில் நினைவு அணுக்கள் எஞ்சியிருக்கின்றன. பகைவனின் முகத்தை ஒருமுறை கண்ட காவலன் மறவாதிருப்பதுபோல, இவ்வணுக்கள் அக்கிருமியை மறப்பதில்லை. அது மீண்டும் நுழைந்தால் உடனே பெருகி, எதிர்ப்பொருள்களை விரைவாக உண்டாக்கும். நோய் தலைதூக்குமுன் கிருமி அழிந்துவிடும். இவ்வாறு உடல் பெறும் வலிமையே நோய் எதிர்ப்பாற்றல் எனப்படுகிறது.

தடுப்பூசி இந்த நினைவை நோயின் துன்பமின்றியே தருகிறது. வலுக்குறைந்த கிருமியையோ, கிருமியின் ஒரு பகுதியையோ உடலுக்குள் செலுத்தினால், உடல் அதைப் பகைவன் என்றே கருதி எதிர்ப்பொருள்களையும் நினைவு அணுக்களையும் உருவாக்கிக்கொள்ளும். பின்னர் உண்மையான கிருமி வரும்போது உடல் ஆயத்தமாக இருக்கும்.

3. சீம்பாலின் கொடை

கன்று ஈன்றவுடன் பசு தரும் தடித்த மஞ்சள் நிறப் பாலுக்குச் சீம்பால் என்று பெயர். சில வீடுகளில் இதைக் காய்ச்சி இனிப்பாக உண்பதும் உண்டு. ஆனால், இப்பாலுக்கு முதல் உரிமை கன்றுக்கே உரியது. அதற்கு ஓர் அறிவியல் காரணம் உள்ளது.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்களைப் பெறுகிறது. பசுவின் கருப்பையிலோ அவை கன்றைச் சென்று சேர்வதில்லை. எனவே, கன்று பிறக்கும்போது அதன் குருதியில் எதிர்ப்பொருள்கள் ஏறத்தாழ இல்லை என்றே கூறலாம். தாய்ப்பசு தான் வாழ்நாளில் எதிர்கொண்ட நோய்களுக்கான எதிர்ப்பொருள்களைச் சீம்பாலில் திரட்டித் தருகிறது. கன்றின் குடல் அவற்றைச் சிதைக்காமல் அப்படியே குருதிக்குள் அனுப்புகிறது. எனினும், இந்த வாயில் நெடுநேரம் திறந்திருப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே அது மூடத் தொடங்கும். ஏறத்தாழ ஒரு நாளில் மூடிவிடும். ஆகவே, கன்று பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் வேண்டிய அளவு சீம்பாலைக் குடிப்பது இன்றியமையாதது.

தாய் தந்த காவல் நிலையானதன்று. கடனாகப் பெற்ற எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைந்து மறைகின்றன. கன்றின் உடல் தானே அவற்றை உருவாக்கக் கற்கவில்லை. அதனால் நினைவு அணுக்களும் இல்லை. அவை மறைந்தபின் கன்றுக்குத் தடுப்பூசி தேவைப்படுகிறது. மிக இளம் பருவத்திலேயே ஊசி போட்டால், தாயின் எதிர்ப்பொருள்கள் அவ்வூசி மருந்தையும் பகைவன் எனக் கருதிச் செயலிழக்கச் செய்துவிடலாம். கன்றுகளுக்கு எந்த மாதத்தில் எந்த ஊசி என்று கால்நடை மருத்துவர் கணக்கிட்டுக் கூறுவது இதனால்தான்.

4. முக்தேஸ்வர் முதல் முகுகா வரை

வெக்கை நோயை எதிர்க்கும் முயற்சியில் இந்தியாவுக்குச் சிறந்த இடம் உண்டு. கால்நடை நோய்களை ஆய்வதற்காக 1889இல் புனே நகரில் ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. கொடிய நோய்க்கிருமிகளை மக்களும் மாடுகளும் நெருங்கி வாழும் இடத்தில் வைத்து ஆய்வது ஆபத்தானது. எனவே, 1893இல் அது இமயமலைப் பகுதியில் இருக்கும் முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்டது. இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள அவ்வூரில் தழைத்த ஆய்வகமே பின்னர் இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அதன் தலைமையிடம் இப்போது உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரை அடுத்த இஜ்ஜத்நகரில் உள்ளது.

தொடக்கத்தில், நோயிலிருந்து பிழைத்த மாட்டின் குருதியிலிருந்து ஊநீரைப் பிரித்தெடுத்துப் பிற மாடுகளுக்குச் செலுத்தினர். இதுவும் சீம்பாலைப் போன்றதே. எதிர்ப்பொருள்கள் உடனே கிடைக்கும். ஆயினும், சில வாரங்களில் மறைந்துவிடும். நீடித்த பயன் வேண்டுமெனில், மாட்டின் உடலே எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1920களில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜே. டி. எட்வர்ட்ஸ் ஒரு வழியைக் கண்டார். வெக்கை நச்சுயிரியை ஒரு வெள்ளாட்டிலிருந்து இன்னொரு வெள்ளாட்டுக்கு என்று நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றி அவர் வளர்த்தார். ஆட்டின் உடலுக்குப் பழகிப்போன நச்சுயிரி, மாட்டைக் கொல்லும் வலுவை இழந்தது. ஆனால், மாட்டின் உடலில் நீடித்த எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையை அது இழக்கவில்லை. இத்தடுப்பு மருந்து இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பயன்பட்டது. எனினும், வலிமை குறைந்த சில மாட்டினங்களுக்கு அது கடும் காய்ச்சலைத் தந்தது.

அக்குறையைப் போக்கியவர் வால்டர் பிளௌரைட் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் கென்யா நாட்டின் முகுகா ஆய்வகத்தில் பணியாற்றினார். உயிருள்ள விலங்குக்குப் பதிலாக, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் அவரும் அவருடைய குழுவினரும் நச்சுயிரியை ஏறத்தாழ 90 முறை மாற்றி வளர்த்தனர். 1960ஆம் ஆண்டளவில் உருவான இத்தடுப்பு மருந்து எல்லா மாட்டினங்களுக்கும் தீங்கற்றதாக இருந்தது. ஒரே ஊசியில் நீண்டகால எதிர்ப்பாற்றலையும் தந்தது. இதற்காக 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

5. மந்தையின் கேடயம்

நல்ல தடுப்பூசி கிடைத்துவிட்டது. எனினும், பரந்த நிலப்பரப்பில் வாழும் கோடிக்கணக்கான மாடுகளுள் ஒன்றுகூட விடாமல் ஊசி போட முடியுமா? முடியாது. அப்படியானால் நோயை எவ்வாறு ஒழிக்க முடியும்? இதற்கு எளிய கணக்கு ஒன்று விடை தருகிறது.

எதிர்ப்பாற்றல் இல்லாத மந்தையில், நோயுற்ற மாடு ஒன்று நான்கு மாடுகளுக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். அந்த நான்கும் பதினாறுக்குத் தரும். பதினாறு அறுபத்து நான்குக்குத் தரும். நோய் காட்டுத்தீயாய்ப் பரவும். இப்போது அதே மந்தையில் நான்கு மாடுகளுக்கு மூன்று வீதம் ஊசி போட்டுவிட்டோம் என்று கொள்வோம். நோயுற்ற மாடு நான்கு மாடுகளை நெருங்கினாலும், ஒன்றுக்கே நோய் தொற்றும். அந்த ஒன்று மற்றொன்றுக்குத் தரும். நோய் வளராமல் நிற்கும். ஊசி பெற்ற மாடுகள் இதற்கும் சற்று மிகுந்தால், ஒன்றுக்கு ஒன்றுகூடத் தொற்றாது. பற்றுவதற்கு அடுத்த விறகு கிட்டாத நெருப்பைப் போல நோய் தானே அணைந்துவிடும்.

இதனை மந்தை எதிர்ப்பாற்றல் என்பர். ஊசி பெற்ற மாடுகள் பெறாத மாடுகளுக்குக் கேடயமாகின்றன. ஆனால், ஊசி பெறாத மாடுகள் பரவலாக இல்லாமல் ஒரே ஊரில் திரண்டிருந்தால், அவ்வூரில் கேடயம் இல்லை. நோய் அங்கே ஒளிந்திருந்து மீண்டும் புறப்படும். ஆகவே, எத்தனை மாடுகளுக்கு ஊசி போட்டோம் என்பதைவிட, எந்த ஊரை விட்டுவிட்டோம் என்பதே முதன்மையான வினாவாகும்.

6. ஊசி காணாத காடு

தான்சானியா நாட்டில் செரெங்கெட்டி என்னும் பெரும் புல்வெளி உள்ளது. அங்கு வில்டபீஸ்ட் விலங்குகளின் இளங்கன்றுகள் நலமாக வளரும். ஆனால், ஓராண்டை எட்டும் பருவத்தில் அவை திரளாக இறக்கும். இதனை அங்குள்ளோர் ஓராண்டுக் கன்றுகளின் நோய் என்றே அழைத்தனர். சீம்பாலைப் பற்றிக் கற்ற நமக்கு இதன் காரணம் விளங்கும். தாய் தந்த எதிர்ப்பொருள்கள் மறைந்ததும் கன்றுகள் காவலற்றவை ஆயின. வெக்கை நோய் அவற்றைத் தாக்கியது.

காட்டு விலங்குகளே நோயை வைத்திருந்து மாடுகளுக்குத் தருகின்றன என்று பலர் ஐயுற்றனர். அவ்வாறாயின், லட்சக்கணக்கான காட்டு விலங்குகளைப் பிடித்து ஊசி போட வேண்டும். அது நடவாத செயல். இந்நிலையில், 1950களிலும் 1960களிலும் அப்புல்வெளியைச் சூழ்ந்த பகுதிகளில் மேய்ப்பர்கள் வளர்த்த மாடுகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போடப்பட்டது. எவரும் எதிர்பாராத விளைவு ஒன்று நிகழ்ந்தது. ஒரு வில்டபீஸ்டுக்குக்கூட ஊசி போடாமலேயே அவற்றிடையே நோய் மறைந்தது.

இதற்குச் சான்று அவ்விலங்குகளின் குருதியிலேயே இருந்தது. முன்பு பிறந்த முதிய விலங்குகளின் குருதியில் வெக்கை நோய்க்கான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. 1960களின் நடுப்பகுதிக்குப் பின் பிறந்தவற்றின் குருதியில் அவை காணப்படவில்லை. அதாவது, இளைய தலைமுறை அந்நோயைச் சந்திக்கவே இல்லை. காட்டுக்குள் நோயை மீண்டும் மீண்டும் கொண்டுவந்து சேர்த்தவை மாடுகளே என்பது இதனால் தெளிவாயிற்று.

1961இல் ஏறத்தாழ 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்டுகள் 1977இல் 13 லட்சத்தைக் கடந்தன. அவற்றை இரையாகக் கொள்ளும் சிங்கங்கள் பெருகின. மிகுதியான விலங்குகள் புல்லை மேய்ந்ததால் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீயும் குறைந்தது, தீயில் கருகிவந்த மரக்கன்றுகள் வளர்ந்து மரங்களாயின. மாட்டின் உடலில் ஏறிய ஊசி, காட்டில் மரம் வளரவும் துணைநின்றது.

7. வட ஆற்காட்டில் முடிந்த கதை

இந்தியாவில் 1954இல் தேசிய அளவிலான வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டனர். நோய் பெருமளவு குறைந்தது. எனினும், முற்றாக ஒழியவில்லை. சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கால்நடைகளோடு அதுவும் பயணம் செய்தது. தென்னிந்தியாவில் அது நெடுங்காலம் தங்கியிருந்தது. 1992இல் புதிய தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. நோய் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடிக் கண்டறிவது அதன் முதன்மையான பணியாயிற்று. 1995இல் தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பகுதியில் வெக்கை நோய் காணப்பட்டது. இந்தியாவில் அந்நோய் தோன்றியது அதுவே கடைசி முறை.

அதன்பின் ஒரு துணிவான முடிவு எடுக்கப்பட்டது. வெக்கை நோய்க்கான ஊசி நிறுத்தப்பட்டது. நோயை ஒழிக்க உதவிய ஊசியை ஏன் நிறுத்த வேண்டும்? ஊசி பெற்ற மாட்டின் குருதியிலும், நோயிலிருந்து பிழைத்த மாட்டின் குருதியிலும் ஒரே வகை எதிர்ப்பொருள்களே இருக்கும். இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஊசியை நிறுத்தினால்தான், அதன்பின் பிறந்த கன்றுகளின் குருதியை ஆராய்ந்து நோய் உண்மையாகவே மறைந்துவிட்டதா என்று அறிய முடியும். நாடு முழுவதும் குருதி மாதிரிகள் ஆராயப்பட்டன. 2006இல் இந்தியா வெக்கை நோய்த் தொற்று அற்ற நாடு என்னும் ஏற்பைப் பெற்றது.

உலகில் கடைசியாக அந்நோய் 2001இல் கென்யா நாட்டின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் காணப்பட்டது. போரும் வறட்சியும் நிலவிய கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளில், குளிர்பதனமின்றிச் சில வாரங்கள் தாங்கும் மேம்பட்ட தடுப்பு மருந்தை மேய்ப்பர்களே சுமந்து சென்று ஊசி போட்டிருந்தனர். அவர்களுக்குத் தங்கள் மந்தைகளின் வழித்தடங்கள் தெரியும். நோயின் அறிகுறிகளும் தெரியும். மருத்துவர்கள் செல்ல இயலாத இடங்களில் அவர்களது அறிவே வெற்றி தந்தது. 2011ஆம் ஆண்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. மனிதர் ஒழித்த நோய்களுள் முதலாவது பெரியம்மை; இரண்டாவது இந்த வெக்கை.

8. எஞ்சியிருக்கும் பகைவர்

எல்லா நோய்களையும் இவ்வாறு ஒழித்துவிட முடியுமா? வெக்கை நச்சுயிரிக்குச் சில வலுக்குறைவுகள் இருந்தன. அது ஒரே வகையினது. எனவே, ஒரே ஊசி போதுமானதாக இருந்தது. பிழைத்த விலங்கின் உடலில் அது ஒளிந்து வாழவில்லை. வெளியே வெயிலில் நெடுநேரம் உயிர்த்திருக்கவும் அதனால் இயலவில்லை.

கோமாரி நோய் இதற்கு மாறானது. அதன் நச்சுயிரியில் ஏழு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிரான நினைவு மற்றொரு வகைக்குப் பயன்படாது. ஊசியால் வரும் எதிர்ப்பாற்றலும் சில மாதங்களே நிலைக்கும். ஆதலால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாடுகளுக்கு ஊசி போட வேண்டியுள்ளது. 2019இல் தொடங்கிய தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இப்பணியை நாடு முழுவதும் மேற்கொண்டுள்ளது.

வெக்கை நச்சுயிரிக்கு நெருங்கிய உறவினர்களும் உண்டு. மனிதரைத் தாக்கும் தட்டம்மை, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர், ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவற்றின் நச்சுயிரிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆட்டுக்கொல்லி நோய் வெக்கை நோயைப் போலவே தோன்றுவதால், இரண்டையும் பிரித்தறிவது நெடுங்காலம் கடினமாக இருந்தது. இந்தியாவில் இந்நோய் 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பு மருந்து ஒன்று அச்சிற்றூரின் பெயரையே தாங்கியுள்ளது. 2030க்குள் இந்நோயை உலகிலிருந்து ஒழிப்பதென உலக அமைப்புகள் இலக்கு வகுத்துள்ளன. ஆடுகளிடமிருந்து இந்நோய் பரவியதால், 2017இல் மங்கோலியாவின் புல்வெளியில் அரிய சைகா மான்கள் ஆயிரக்கணக்கில் இறந்தன. செரெங்கெட்டி கற்பித்த பாடம் இன்னும் முடிந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

டிஸ்டெம்பர் நோயோ பலவகை ஊனுண்ணி விலங்குகளைத் தாக்க வல்லது. 1994இல் செரெங்கெட்டிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்நோயால் இறந்தது. 2018இல் குஜராத் மாநிலத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் மடிந்தபோதும், அவற்றுட் சிலவற்றின் உடலில் இந்நச்சுயிரி கண்டறியப்பட்டது. ஆசியச் சிங்கங்கள் இயற்கையாக வாழும் இடம் உலகில் கிர் பகுதி ஒன்றே. காட்டை அடுத்த ஊர்களில் உள்ள நாய்களுக்கு ஊசி போடுவது சிங்கங்களுக்கு ஓரளவு காவலாகும். ஆயினும், இந்நச்சுயிரி பலவகை விலங்குகளில் வாழ்வதால், நாய்களுக்கு ஊசி போடுவது மட்டுமே முழுக் காவல் ஆகாது.

9. நம் கடமை

ஓர் உயிரின் நலம் மற்றோர் உயிரின் நலத்தோடு பிணைந்தது என்பதை வெக்கை நோயின் வரலாறு உணர்த்துகிறது. மாடு வளர்ப்போர் கன்றுக்குச் சீம்பாலைத் தவறாது ஊட்டுதல் வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டை உடனே மந்தையில் சேர்க்காமல் சில நாள்கள் தனியே கட்டிவைத்தல் வேண்டும். உரிய காலத்தில் ஊசி போடுதல் வேண்டும். "நம் ஆடு ஒன்றுதானே, விட்டால் என்ன?" என்று எண்ணுதல் தவறு. அந்த ஒன்றே கேடயத்தில் விழும் ஓட்டையாகிவிடலாம்.

நீங்கள் இன்று பெருநகரத்தில் வாழலாம். உங்கள் வீட்டில் மாடு இல்லாமல் இருக்கலாம். ஆயினும், அடுத்தமுறை ஊரிலுள்ள தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது, "நம் வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். வெக்கை நோய் வந்த காலத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதேனும் நினைவிருக்கிறதா என்றும் கேளுங்கள். உடலுக்குள் நினைவு அணுக்கள் காவல் புரிவது போல, நோயை வென்ற மக்களின் நினைவும் அடுத்த தலைமுறைக்குக் காவலாகும்.

சொல்லும் பொருளும்

வெக்கை – வெப்பம். இங்கு மாடுகளைத் தாக்கிய ஒரு கொள்ளைநோய்
பட்டறிவு – பட்டுணர்ந்த அறிவு, அனுபவம்
நச்சுயிரி – வைரஸ்
ஊநீர் – குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்
கழிச்சல் – வயிற்றுப்போக்கு
ஊனுண்ணி – இறைச்சி உண்ணும் விலங்கு

சிந்தித்து எழுதுக

1. சீம்பால் தரும் எதிர்ப்பாற்றலுக்கும் தடுப்பூசி தரும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நோயுற்ற ஆடு ஒன்று ஐந்து ஆடுகளுக்கு நோயைத் தருமாயின், நோய் வளராமல் நிற்க ஐந்தில் எத்தனை ஆடுகளுக்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும்? கணக்கிட்டுக் காட்டுக.
3. வெக்கை நோய் ஒழிந்ததை உறுதிசெய்ய ஊசியை நிறுத்த வேண்டியிருந்தது ஏன்?
4. வில்டபீஸ்டுகளுக்கு ஊசி போடாமலேயே அவை காக்கப்பட்டது எவ்வாறு? உங்கள் சொந்த நடையில் ஒரு பத்தி எழுதுக.
5. உங்கள் சொந்த ஊரில் கால்நடை வளர்க்கும் ஒருவரிடம் உரையாடி, அங்கு வழங்கும் கால்நடை நோய்ப் பெயர்களைத் தொகுத்து எழுதுக.